வீ யூவை விட்டு ஓடியவர்கள் ஸ்விட்சுக்கு மட்டும் ஏன் திரும்பி வந்தார்கள்?

பழைய_ரிமோட் கேட்டது:

வீ யூ (2012இல் வந்த நிண்டெண்டோ கேம் கன்சோல்) வைத்திருந்தவர்கள் இங்கே ரெண்டு மூணு பேராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன். நிண்டெண்டோவுக்கு வெளியே கேம் செய்யும் கம்பெனிகள் அந்த கன்சோலைக் கைகழுவியது ஏன் என்று தேடினால் எல்லா இடத்திலும் ஒரே பதில்தான், "அதுக்குப் பவர் பத்தாது". சரி, சோனியின் பிஎஸ்4இல் (பிளேஸ்டேஷன் 4) 8 ஜிபி மெமரி, வீ யூவில் மொத்தமே 2 ஜிபி, அதிலும் கேமுக்குக் கிடைப்பது 1 ஜிபி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2017இல் நிண்டெண்டோவின் அடுத்த கன்சோலாக வந்த ஸ்விட்ச் மட்டும் என்ன பெரிய பயில்வானா? கையில் பிடித்து பேட்டரியில் ஓட்டுகிற சாதனம், 4 ஜிபி மெமரி, பிஎஸ்4 பக்கத்தில் நிறுத்தவே முடியாது. அதில் டூம் மாதிரி பெரிய கேம் வந்தது, ஸ்கைரிம் வந்தது, 2019இல் விட்சர் 3 கூட வந்துவிட்டது. பவர்தான் காரணம் என்றால் இதெல்லாம் எப்படி நடந்தது?

இன்னொன்று. 2011இல் ஈ3 என்ற கேம் கண்காட்சியில் ஈஏ (எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) என்ற பெரிய கேம் கம்பெனியின் தலைவர் ஜான் ரிச்சிட்டெல்லோ நிண்டெண்டோவின் மேடையிலேயே ஏறி, இதுவரை இல்லாத கூட்டணி என்று பேசிவிட்டுப் போனார். 2013 மே மாதம் அதே ஈஏ, வீ யூவுக்கு எங்களிடம் எந்த கேமும் தயாரிப்பில் இல்லை என்கிறது. கன்சோல் கடைக்கு வந்து ஆறு மாசம்தான் ஆகியிருந்தது. ஈஏவின் ஆரிஜின் என்ற ஆன்லைன் கேம் கடையை வீ யூவில் வைக்க நிண்டெண்டோ விடவில்லை, அந்தக் கோபத்தில்தான் ஈஏ விலகியது என்று ஒரு கதை சுற்றுகிறதே, அது நிஜமா?

கணக்குப்பிள்ளை பதில்:

ஆரிஜின் கதைக்கு இதுவரை யாரும் ஆதாரம் காட்டவில்லை. அந்தக் கதை இல்லாமலேயே ஈஏ போனதற்குக் காரணம் சொல்லிவிடலாம், கோபதாபம் எல்லாம் இதில் ரொம்பக் கம்மி.

ஒரு கேமை இன்னொரு கன்சோலுக்குக் கொண்டுபோக (போர்ட் செய்வது என்பார்கள்) ஆள் சம்பளம், டெஸ்டிங், கன்சோல் கம்பெனியின் சர்ட்டிஃபிகேஷன், டிஸ்க் அச்சடிப்பது, வெளிவந்த பிறகும் பேட்ச் போட்டுக்கொண்டே இருப்பது என்று ஒரு தொகை ஆகும். கடையில் 60 டாலருக்கு விற்றால் கடைக்காரர் பங்கும் கன்சோல் கம்பெனிக்கான ராயல்டியும் போக மிஞ்சுவதில்தான் அந்தத் தொகையை எடுக்க வேண்டும். கன்சோல் எத்தனை வீடுகளில் இருக்கிறது, அதில் எத்தனை வீடு இந்த மாதிரி கேமைக் காசு கொடுத்து வாங்கும், இந்த இரண்டுக்கும் பப்ளிஷர் (கேமைக் காசு போட்டு வெளியிடும் கம்பெனி) மனதில் ஒரு எண் இருக்கும். பெருக்கிப் பார்த்து போர்ட் செலவைத் தாண்டினால் வருவார்கள், இல்லாவிட்டால் இல்லை. மேடையில் கைகுலுக்குவது விளம்பரத்தோடு சரி.

இப்போது வீ யூவின் நிலவரத்தைப் பாருங்கள். 2012 நவம்பரில் வந்தது. 2013 ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதத்தில் உலகம் முழுக்க விற்றது 1,60,000. ஊருக்கு ஒன்று கூட வராது. அந்த நிதியாண்டில் 90 லட்சம் விற்போம் என்று சொல்லியிருந்த நிண்டெண்டோ 2014 ஜனவரியில் அதை 28 லட்சமாகக் குறைத்தது, தலைவர் இவாட்டா தன் சம்பளத்தில் பாதியை வெட்டிக்கொண்டார்.

பலர் கவனிக்காத விஷயம் இதில் காலம். பெரிய கேம் ஒன்றை எந்தெந்த கன்சோலுக்கு விடுவது என்ற முடிவை அது வெளிவருவதற்கு ஒன்றரை, இரண்டு வருஷம் முன்பே எடுத்துவிடுவார்கள். 2013 கோடையில் அந்த எண்ணைப் பார்த்து "வேண்டாம்" என்று முடிவெடுத்தால், கடை அலமாரியில் அது தெரியப்போவது 2014, 2015இல். நிண்டெண்டோவின் சொந்த கேமான மரியோ கார்ட் 8 வந்தது 2014 மே மாதம், ஸ்மாஷ் பிரதர்ஸ் அந்த வருஷக் கடைசியில். அதற்குப் பிறகு கொஞ்சம் விற்பனை ஏறியது உண்மை, ஆனால் அதற்குள் வெளி பப்ளிஷர்கள் பட்டியலை மூடிவிட்டார்கள். வருஷாவருஷம் வரும் கால் ஆஃப் டியூட்டி ஷூட்டர் வரிசையில் 2013இன் கோஸ்ட்ஸ் வீ யூவுக்கு வந்தது, 2014இன் அட்வான்ஸ்டு வார்ஃபேர் வரவில்லை. இந்த ஒரு வரியிலேயே எல்லாம் இருக்கிறது.

ஈஏ விட்டதே அரைமனதான கேம்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாஸ் எஃபெக்ட் 3ஐ வீ யூவில் தனியாக விற்ற அதே நவம்பரில் மூன்று பாகமும் சேர்ந்த ட்ரைலஜி பெட்டியை மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360இலும் பிசியிலும் விட்டார்கள், விலையும் கிட்டத்தட்ட அதேதான். முதல் இரண்டு பாகத்தை ஆடாதவன் மூன்றாவதை மட்டும் முழு விலைக்கு எதற்கு வாங்குவான்? பிறகு "வீ யூவில் எங்கள் கேம் விற்கவில்லை" என்றால் எப்படி விற்கும்.

கார்ட்ரிட்ஜ்_காலம் பதில்:

@கணக்குப்பிள்ளை கணக்கு சரிதான் ஜி, ஆனால் கன்சோல் கம்பெனி வெளியாட்களை எப்படி நடத்துகிறது என்பது அந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிற விஷயம் இல்லை. பவர் கதையை உடைக்க வேண்டுமென்றால் தொண்ணூறுகளின் நிண்டெண்டோ 64 கன்சோலைப் பாருங்கள். சோனியின் முதல் பிளேஸ்டேஷனை விட அதுதான் பலசாலி, ஆனாலும் ஸ்கொயர் கம்பெனி ஃபைனல் ஃபேண்டஸி VIIஐ எடுத்துக்கொண்டு சோனியிடம் போனது, 1997 ஜனவரியில் எனிக்ஸ் கம்பெனியும் டிராகன் க்வெஸ்ட் VIIஐ அங்கேயே விடப்போவதாகச் சொல்லிவிட்டது. காரணம், சிடிக்குப் பதில் கேமைச் சிப்பில் போட்டு விற்ற கார்ட்ரிட்ஜ். இட அளவு ஒரு பிரச்சினை, உச்சபட்சக் கார்ட்ரிட்ஜே 64 எம்பி, ஒரு சிடி 650 எம்பி, ஃபைனல் ஃபேண்டஸி VII மூன்று சிடி.

இட அளவை விட எனக்கு முக்கியமாகப் படுவது பணம் மாட்டிக்கொள்ளும் விதம். கார்ட்ரிட்ஜைத் தயாரித்துத் தருவது நிண்டெண்டோ மட்டும்தான், எத்தனை வேண்டும் என்று பல வாரம் முன்கூட்டியே சொல்லிக் காசையும் கட்ட வேண்டும். கம்மியாகச் சொன்னால், கேம் ஓடும்போது கடையில் சரக்கு இருக்காது. அதிகமாகச் சொன்னால் விற்காத சரக்கு பப்ளிஷர் தலையில். சிடி ஒன்றுக்கு ஆகிற செலவு சொற்பம், தீர்ந்தால் சீக்கிரம் மறுபடியும் அச்சடித்துவிடலாம். வித்தியாசமான கேம் ஒன்றை முயற்சி செய்து பார்க்க நினைக்கிற சின்ன கம்பெனி இதில் எங்கே போகும்?

அதற்கும் முன்னால் போனால் என்இஎஸ் (எண்பதுகளின் நிண்டெண்டோ கன்சோல்) காலத்தில் அமெரிக்காவில் ஒரு பப்ளிஷர் வருஷத்துக்கு ஐந்து கேம்தான் விடலாம், அதையும் இரண்டு வருஷம் வேறு கன்சோலில் விடக்கூடாது, அனுமதி இல்லாத கேமை ஓடவிடாத லாக்அவுட் சிப் இருப்பதால் நிண்டெண்டோவைத் தாண்டிப் போகவும் முடியாது. கோனாமி அந்த ஐந்தைத் தாண்டுவதற்காகவே அல்ட்ரா கேம்ஸ் என்று இன்னொரு பெயர்ப்பலகை மாட்டியது. மாற்று இல்லாத வரைக்கும் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். சோனி வந்ததும் கிளம்பினார்கள்.

இன்னொரு கன்சோல் கம்பெனியான சேகா இன்னும் மோசம். அவர்களின் சாட்டர்ன் கன்சோல் அமெரிக்காவில் 1995 செப்டம்பர் 2 வரும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, மே 11 ஈ3 மேடையில் "இன்றைக்கே கடையில் இருக்கிறது" என்றார்கள். கேட்க அதிரடியாக இருக்கும். செப்டம்பரை நம்பி வேலை பார்த்துக்கொண்டிருந்த வெளி டெவலப்பர்களிடம் கேம் தயாராக இல்லை, மாதக்கணக்கில் அலமாரியில் சேகாவின் சொந்த கேம்கள்தான். கேபி டாய்ஸ் மாதிரி கடைகள் தங்களுக்குச் சரக்கு தரவில்லை என்று சாட்டர்னையே வைக்க மறுத்தன. அந்தக் கசப்பு சேகாவின் அடுத்த கன்சோலான ட்ரீம்காஸ்ட் வரைக்கும் வந்தது. ட்ரீம்காஸ்டுக்கு ஈஏ வரவே இல்லை, ஸ்போர்ட்ஸ் கேம் எங்களுடையது மட்டும்தான் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள், சேகா அதற்கென்றே விஷுவல் கான்செப்ட்ஸ் கம்பெனியை வாங்கி வைத்திருந்ததால் ஒத்துக்கொள்ளவில்லை. 2001 ஜனவரி 31இல் ட்ரீம்காஸ்ட் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள்.

நள்ளிரவு_பாஸ் பதில்:

ட்ரீம்காஸ்ட் செத்தது பைரசியால். சிடியில் எழுதிப் போட்டால் ஓடும் கன்சோலுக்கு எவன் கேம் செய்வான்.

கார்ட்ரிட்ஜ்_காலம் பதில்:

@நள்ளிரவு_பாஸ் ஈஏ வரமாட்டேன் என்று முடிவு செய்தது கன்சோல் விற்பனைக்கு வருவதற்கு முன்னாலேயே பாஸ். அப்போது பைரசியே ஆரம்பிக்கவில்லை.

டெஸ்ட்_பெஞ்ச் பதில்:

போர்ட்டிங் வேலை எடுத்துச் செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் பக்கம் இருந்தவன் (கம்பெனி பேர் வேண்டாம்). கேள்வி கேட்டவர் "ஸ்விட்சும் பலவீனம்தானே" என்கிறார், அதை எடுத்துக்கொள்கிறேன். பலவீனம் என்றால் எப்படிப்பட்ட பலவீனம் என்று பார்க்க வேண்டும்.

வீ யூவின் கிராஃபிக்ஸ் சிப் அந்தக் காலத்துக்கு மோசமில்லை, பிஎஸ்3, 360ஐ விட நன்றாகவே இருக்கும். சிபியு (கணக்கு போடும் மெயின் சிப்) வேறு கதை. நிண்டெண்டோவின் முந்தைய கன்சோல்களான கேம்க்யூப், வீ பரம்பரையில் வந்த பவர்பிசி வகை சிப், மூன்று கோர், 1.24 ஜிகாஹெர்ட்ஸ். எக்ஸ்பாக்ஸ் 360இல் அதே மூன்று கோர் 3.2 ஜிகாஹெர்ட்ஸ். கிளாக் வேகத்தை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிடக்கூடாது என்பது தெரியும், ஆனால் 2012இல் போர்ட் ஆன கேம்கள் எல்லாம் 360இன் சிபியுவைக் கசக்கிப் பிழிந்து எழுதப்பட்டவை, அந்த புரோகிராமை அப்படியே தூக்கி வீ யூவில் போட்டால் தடுமாறும். கிராஃபிக்ஸில் பிரச்சினை என்றால் ரெசல்யூஷனைக் குறைத்துத் தப்பிக்கலாம், சிபியுவில் இடித்தால் கேமின் உள்வேலையையே மாற்றி எழுத வேண்டும். எதிரிகளின் நடமாட்டம், பிசிக்ஸ், கூட்டம் எல்லாம் அங்கேதான் ஓடுகிறது. செலவு எகிறுவது இந்த இடத்தில்.

இதையும் சமாளித்திருப்பார்கள். ஆனால் 2013 நவம்பரில் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டும் வந்தன, இரண்டுமே ஏஎம்டியின் எக்ஸ்86 சிப், அதாவது பிசி மாதிரியே. ஒரே நாளில் மூன்று பெரிய மேடைகளும் ஒரே சாதியாகிவிட்டன, ஒன்றுக்கு எழுதினால் மற்ற இரண்டுக்கும் கொண்டுபோவது சுலபம். வீ யூ மட்டும் வேறு கட்டமைப்போடு தனியே நின்றது, அதுவும் ஒரு தலைமுறை பழைய வேகத்தில். அதோடு வீ யூவின் கன்ட்ரோலரான கேம்பேடின் திரையில் எதையாவது காட்டியாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வேறு. மேப்பைக் காட்டிவிட்டுக் கும்பிடு போட்டவர்கள்தான் அதிகம்.

ஈஏ விஷயத்தில் எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகத் தெரிவது ஃபிராஸ்ட்பைட் இன்ஜின், அதாவது கேம்களுக்கு அடியில் ஓடும் பொது மென்பொருள். அந்தச் சமயம் ஈஏ தன் பெரிய கேம்களை எல்லாம் ஃபிராஸ்ட்பைட்டுக்கு நகர்த்திக்கொண்டிருந்தது. 2013 மே மாதம் ஈஏவின் டைஸ் கம்பெனியின் யோஹான் ஆண்டர்சன் வெளிப்படையாகவே சொன்னார், ஃபிராஸ்ட்பைட் 2ஐ வீ யூவில் ஓட்டிப் பார்த்தோம், முடிவு நம்பிக்கை தரவில்லை, மேற்கொண்டு போகவில்லை என்று. இன்ஜின் வராவிட்டால் அதில் செய்த ஒரு கேமும் வராது. பேட்டில்ஃபீல்டு போச்சு, டிராகன் ஏஜ் போச்சு. தனித்தனியாக எந்த கேமையும் யாரும் ரத்து செய்யவில்லை, அடியில் ஒரு ஆணியைப் பிடுங்கினார்கள், அலமாரியே சரிந்தது.

அப்புறம் டூல்ஸ், அதாவது கேம் செய்ய நிண்டெண்டோ கொடுக்கும் மென்பொருள். 2014 ஆரம்பத்தில் யூரோகேமர் தளத்தில் ஒரு டெவலப்பர் பெயர் போடாமல் வீ யூ அனுபவத்தை எழுதியிருந்தார். சின்ன மாற்றம் செய்து பில்டு போட்டாலும் நேரம் இழுக்கும், சந்தேகம் கேட்டால் கேள்வி ஜப்பானுக்குப் போய் மொழிபெயர்க்கப்பட்டு பதில் திரும்பி வர நாளாகும். எக்ஸ்பாக்ஸின் ஆன்லைன் சேவையான எக்ஸ்பாக்ஸ் லைவில் இருக்கிறதே, அது மாதிரி இதில் எப்படி என்று கேட்டால், எங்கள் டீமில் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை, விளக்கமாகச் சொல்லுங்கள் என்றார்களாம். படித்துவிட்டு நான் சிரிக்கவில்லை, டெட்லைன் நெருங்கும்போது இப்படி ஒரு பதில் வந்தால் என்ன ஆகும் என்று தெரியும்.

ஸ்விட்சில் இதெல்லாம் தலைகீழ். என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 சிப், கிராஃபிக்ஸ் பகுதி நவீனமானது, டூல்ஸும் என்விடியா பழக்கத்தில் வந்தவை. பலர் பயன்படுத்தும் அன்ரியல் 4, யூனிட்டி இன்ஜின்கள் இரண்டும் முதலிலிருந்தே கைகொடுத்தன. வேகம் கம்மிதான், ஆனால் வழி தெரிந்த கம்மி. ரெசல்யூஷனை இறக்கு, 60 ஃபிரேமை 30 ஆக்கு, டெக்ஸ்சரைச் சுருக்கு, நிழலை வெட்டு, வேலை முடிந்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் எங்கே வெட்ட வேண்டும் என்று தெரியும். பேனிக் பட்டன் கம்பெனி டூமையும் சேபர் இன்டராக்டிவ் விட்சர் 3ஐயும் அப்படித்தான் இறக்கினார்கள். மங்கலாக இருந்தது, ஓடியது. பஸ்ஸில் உட்கார்ந்து விட்சர் 3 ஆட முடிகிறது என்றால் மங்கலை மன்னிக்க ஆட்கள் இருந்தார்கள்.

மாமன்_வீட்டு_டிவி பதில்:

எல்லோரும் மெஷினைப் பற்றியே பேசுகிறீர்கள், வாங்குகிறவனைப் பற்றி யாரும் பேசவில்லை. வீ யூவுக்கு முந்தைய வீ 10 கோடிக்கு மேல் விற்றது. அவ்வளவு விற்றும் பெரிய பப்ளிஷர்கள் அதற்குத் தங்கள் முதல்தர டீமைக் கொடுக்கவில்லை, பக்கத்து இலைக்குப் பரிமாறின மிச்சம்தான் வந்தது. அதனால் ஆக்‌ஷன், ஷூட்டர் ஆடுகிறவர்கள் எல்லாம் 360, பிஎஸ்3 வாங்கிவிட்டார்கள். வீ யூ வந்தபோது அதை வாங்கியவர்கள் மரியோவுக்காக வாங்கியவர்கள். அவர்களிடம் போய் அசாசின்ஸ் க்ரீட் விற்றால்?

யார் எதை வாங்குகிறார்கள் என்று அசாசின்ஸ் க்ரீட் கம்பெனியான யூபிசாஃப்டுக்கு நன்றாகத் தெரியும். அதே கம்பெனி ரேமன் லெஜெண்ட்ஸை வீ யூவுக்கு மட்டும் என்று சொல்லி, 2013 பிப்ரவரி கடைசியில் வரவேண்டிய கேமை, வெளியீட்டுக்குச் சில வாரம் இருக்கும்போது செப்டம்பருக்குத் தள்ளியது, எல்லா கன்சோலிலும் ஒன்றாக விடுவதற்காக. செய்து முடித்தவர்களே நொந்துபோனார்கள். ஜஸ்ட் டான்ஸ் என்ற நடன கேமை என்ன செய்தார்கள் தெரியுமா? ஜஸ்ட் டான்ஸ் 2019 வீ யூவில் வந்த கடைசி. ஜஸ்ட் டான்ஸ் 2020 வீ யூவில் இல்லை, ஆனால் பழைய வீயில் உண்டு! 2006இல் வந்த கன்சோலுக்கு 2019 நவம்பரில் கேம் விட்டிருக்கிறார்கள், அதன் வாரிசை விட்டுவிட்டார்கள். பவராவது டூல்ஸாவது. ஆடுகிற குடும்பம் எந்த டிவிக்குக் கீழே இருக்கிறதோ அங்கே போகிறார்கள்.

பழைய_ரிமோட் பதில்:

ஜஸ்ட் டான்ஸ் தகவல் புதுசு, சரிபார்த்தேன், நிஜம்தான், அநியாயம். @டெஸ்ட்_பெஞ்ச் இன்ஜின் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியென்றால் ஈஏ ஸ்விட்சுக்கு ஃபிஃபா ஃபுட்பால் கேம் விட்டதே, அது ஃபிராஸ்ட்பைட்டா? அப்புறம் ஒரு சந்தேகம், நிண்டெண்டோ காசு கொடுத்து இவர்களை இருத்தியிருக்க முடியாதா?

டெஸ்ட்_பெஞ்ச் பதில்:

இல்லை. ஃபிஃபா 18 ஸ்விட்சில் வந்தபோது மற்ற கன்சோலில் ஃபிராஸ்ட்பைட், ஸ்விட்சில் வேறு இன்ஜின். ஸ்டோரி மோடும் கிடையாது. அப்புறம் சில வருஷம் "லெகசி எடிஷன்" என்று ஜெர்சியையும் வீரர் பட்டியலையும் மட்டும் மாற்றி விற்றார்கள். ஃபிராஸ்ட்பைட்டை ஸ்விட்சில் இறக்கியது 2023இல், எஃப்சி 24க்கு (ஃபிஃபாவின் புதுப் பெயர்). அந்த கன்சோல் கோடிக்கணக்கில் விற்று, வயசாகி, அடுத்தது எப்போது என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த நேரம். ஈஏவின் வேகம் அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை பதில்:

காசு கொடுத்தால் ஒரு கேம் கிடைக்கும். பேயோனெட்டா 2க்கு நிண்டெண்டோ காசு போட்டது, 2014இல் வீ யூவில் வந்தது, அருமையான கேம். ஆனால் வருஷாவருஷம் வரும் ஃபிஃபா, மேடன், கால் ஆஃப் டியூட்டி எல்லாவற்றுக்கும் நஷ்ட ஈடு கொடுத்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. காசு நிறுத்திய மறுநாள் கேமும் நிற்கும்.

அதை விட மலிவான வழி ஸ்விட்சில் தானாக அமைந்தது, கைக்கருவிக்கும் டிவிக்கும் ஒரே கன்சோல். முன்பு நிண்டெண்டோவின் சொந்த டீம்கள் 3டிஎஸ் கைக்கருவி, வீ யூ என்று இரண்டாகப் பிரிந்து வேலை செய்தன, வீ யூவில் மாதக்கணக்கில் வறட்சி. ஸ்விட்சில் 2017 மார்ச்சில் செல்டா, ஏப்ரலில் மரியோ கார்ட், ஜூலையில் ஸ்ப்ளட்டூன், அக்டோபரில் மரியோ என்று முதல் வருஷம் இடைவெளியே விடவில்லை. கன்சோல் விற்றது, வெளியாட்கள் வந்தார்கள். சின்ன டெவலப்பர்கள் இன்னும் சீக்கிரம், ஸ்டார்டியூ வேலியை வீ யூவுக்கு என்று அறிவித்தவர்கள் 2016 கடைசியிலேயே அதை ரத்து செய்து ஸ்விட்சுக்கு மாற்றிவிட்டார்கள், ஸ்விட்ச் ஒன்று கூட விற்பதற்கு முன்பே.

நள்ளிரவு_பாஸ் பதில்:

அப்போ இப்ப எக்ஸ்பாக்ஸுக்கு நடப்பதும் இதானே?

டெஸ்ட்_பெஞ்ச் பதில்:

பாதி. கட்டமைப்பு பிசி மாதிரியே என்பதால் வீ யூ போலத் தனித்து நிற்கவில்லை, போர்ட் செலவு அவ்வளவு எகிறாது. ஆனால் சக்தி கூடிய எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் விடுகிற கேம் மலிவான சீரிஸ் எஸ்ஸிலும் ஓடியாக வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் விதி வைத்திருக்கிறது, எஸ்ஸில் மெமரி 10 ஜிபிதான். பால்டர்ஸ் கேட் 3 2023 செப்டம்பரில் பிஎஸ்5க்கு வந்தது, எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பரில், அதுவும் எஸ்ஸில் ஸ்ப்ளிட் ஸ்க்ரீன் (ஒரே திரையைப் பிரித்து இருவர் ஆடுவது) இல்லாமல் விடலாம் என்று சலுகை கொடுத்த பிறகு. பிளாக் மித் வூகோங் பிஎஸ்5க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் இடையே ஒரு வருஷம் இடைவெளி, அதன் தயாரிப்பாளரும் அந்த 10 ஜிபியைத்தான் குறை சொன்னார். பிஎஸ்5 அளவுக்கு எக்ஸ்பாக்ஸ் விற்றிருந்தால் இதற்கெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே நேரத்துக்கு விட்டிருப்பார்கள்.

கார்ட்ரிட்ஜ்_காலம் பதில்:

எக்ஸ்பாக்ஸுக்குத் தனி த்ரெட் போடுங்கள், இங்கேயே ஆரம்பித்தால் அது எங்கேயோ போய்விடும். @நள்ளிரவு_பாஸ் ட்ரீம்காஸ்ட் பைரசிக்கும் ஒன்று போடுங்கள், சண்டைக்கு நான் ரெடி.